ரோத்தானும் குரங்கும் நாலு நம்பரும்: கற்றுக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற பெற்றோர் வாசலில் நின்று கேட்பதில் பாடம் பற்றிய கேள்வி கொஞ்சம்தான். மகன் பொய் சொல்கிறான், மகள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே அழுகிறாள், வீட்டு நாய் போகிற வருகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் துரத்துகிறது, குரங்கு சமையலறைக்குள் வந்துவிட்டது. இதற்கெல்லாம் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான், உயிர்கள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பது. நாய், பூனை, எலி, புறா, குழந்தை என்று பலரையும் வைத்து நூறு வருசத்துக்கு மேலாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அதெல்லாம் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடக் கூடாது, தோட்டப்புறத்து வீடுகளுக்கும் வந்து சேரவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கற்றல் என்றால் பள்ளிக்கூடத்துப் படிப்புதானே டீச்சர்? நாயும் குரங்கும் எங்கே கற்கின்றன?

அனுபவத்தால் ஒரு உயிரின் நடத்தை மாறி, அந்த மாற்றம் தங்கிவிட்டால் அது கற்றல். களைப்பால் வருகிற மாற்றம் இதில் சேராது, வயது ஏறுவதால் தானாக வருவதும் சேராது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்தே மேலே குலை பழுத்துவிட்டது என்று கண்டுபிடிக்கப் பழகுகிறாரே, அது கற்றல். தெருமுனையில் வரும்போதே உங்கள் மோட்டார் சத்தத்தைத் தெரிந்துகொண்டு நாய் கேட்டுக்கு ஓடுகிறதே, அதுவும் கற்றல். இரண்டிலும் யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை.

கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் நான் ஒன்றைத்தான் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். நாம் கற்றுக்கொடுப்பதாக நினைப்பது ஒன்று, அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் உண்மையில் கற்றுக்கொள்வது இன்னொன்று, பல வீடுகளில் இந்த இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. பிள்ளையோ நாயோ எதைக் கற்றுக்கொண்டது என்பது அடுத்த தடவை அது என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

பட்டாசு போட்டால் முதலில் ஓடிய குரங்கு, இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன்?

பழகிப்போய்விட்டது. ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது, அதற்குப் பிறகு நல்லதும் நடக்கவில்லை கெட்டதும் நடக்கவில்லை என்றால், கொஞ்ச நாளில் உயிர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. கற்றலிலேயே மிக எளிய வகை இதுதான், பெரிய மூளை எதுவும் தேவையில்லை. ஏப்ளிசியா என்றொரு கடல் நத்தை இருக்கிறது, அதைத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்துகொண்டே வரும். அப்போது அதன் நரம்பு செல்களுக்கு நடுவில் இருக்கும் தொடர்பு பலவீனமாகிறது என்று எரிக் கண்டெல் காட்டினார். 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வாங்கித்தந்தது இந்த நத்தையில் அவர் செய்த ஆராய்ச்சிதான்.

ஆக, உங்கள் பட்டாசு குரங்குக்குச் சொல்லிக்கொடுத்தது "சத்தம் வரும், ஒன்றும் ஆகாது" என்பதை. அதே நேரத்தில் குப்பைத்தொட்டி மூடாமல் கிடந்தால், சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் சாப்பாடு உண்டு என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். இன்னும் பெரிய பட்டாசு வாங்குவதில் பயன் இல்லை. தொட்டிக்கு இறுக்கமான மூடி, ஜன்னலுக்குக் கம்பிவலை, கோயில் படையலை உடனே எடுத்துவிடுவது, இதெல்லாம் வரிசை வீடு முழுக்க ஒன்றாகச் செய்தால்தான் பலன். ஒரே ஒரு வீட்டில் எப்போதாவது சோறு கிடைத்தாலும் குரங்கு வந்துகொண்டேதான் இருக்கும், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறியதாம். அதில் என்ன அதிசயம்?

இவான் பாவ்லோவ் ரஷ்யாவில் செரிமானத்தை ஆராய்ந்தவர், 1904இல் நோபல் பரிசு வாங்கியதும் அதற்குத்தான். உணவு வாயில் படுவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைப் பார்த்ததுமே நாய்க்கு எச்சில் ஊறுவது அவர் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது. அந்த இடைஞ்சலையே எடுத்து ஆராயத் தொடங்கிவிட்டார். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமின் டிக்டிக் சத்தம், உடனே உணவு, இப்படிப் பல முறை. கடைசியில் வெறும் சத்தத்துக்கே எச்சில் ஊறியது. எல்லோருக்கும் மணிக் கதைதான் தெரியும், ஆனால் அவர் பலவிதமான சமிக்ஞைகளைப் பயன்படுத்தினார்.

சாயங்காலம் ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தால் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவதும் இதே வழிதான். ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் போதாது. ராபர்ட் ரெஸ்கோர்லா 1968இல் எலிகளை வைத்து இதைச் சோதித்தார். சத்தம் வரும்போது மட்டும் லேசான மின் அதிர்ச்சி வந்தால் எலி அந்தச் சத்தத்துக்குப் பயந்தது. சத்தம் இல்லாதபோதும் அதே அளவுக்கு அதிர்ச்சி வந்தபோது சத்தத்துக்குப் பயப்படவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் சத்தமும் அதிர்ச்சியும் சேர்ந்து வந்தது சமமாகத்தான். ஆக, அந்தச் சத்தம் வரப்போவதைப் பற்றி ஏதாவது புதிதாகச் சொல்கிறதா என்பதைத்தான் விலங்கு கவனிக்கிறது. ரொட்டிக்காரர் நாள் முழுக்கச் சும்மா ஹார்ன் அடித்துக்கொண்டு போனால் எந்தப் பிள்ளையும் எழுந்து வராது. வீட்டில் காலையிலிருந்து ராத்திரிவரை "டேய், டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பையன் ஏன் திரும்புவதில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

எங்கள் நாய் கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) மோட்டாரைக் கண்டால் துரத்துகிறது. எத்தனை திட்டினாலும் நிற்கவில்லை.

நாய் பக்கத்திலிருந்து யோசியுங்கள். மோட்டார் வருகிறது, குரைத்துக்கொண்டு ஓடுகிறது, மோட்டார் போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் வெற்றி. மோட்டார்காரர் வேலைக்குப் போகிறார் என்பது நாய்க்குத் தெரியாதே.

எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து, உள்ளே இருக்கும் கயிற்றையோ தாழ்ப்பாளையோ அசைத்தால் கதவு திறக்கும்படி செய்து, வெளியே மீன் வைத்தார். பூனை கண்டபடி பிராண்டும், தற்செயலாகக் கதவு திறக்கும். திரும்ப அடைத்தால் கொஞ்சம் சீக்கிரமாக வரும், அடுத்த முறை இன்னும் கொஞ்சம். திடீரென்று புத்தி வந்த மாதிரி இல்லாமல், பயன்தராத அசைவுகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, பயன்தந்தது மட்டும் நின்றது. ஒரு செயலுக்குப் பின்னால் நல்ல விளைவு வந்தால் அந்தச் செயல் நிலைக்கும் என்று அவர் சொன்னதை, பிறகு பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து மிக விரிவாக வளர்த்தெடுத்தார். நல்ல விளைவு என்பது இரண்டு விதம். பிடித்தது ஒன்று வந்து சேரலாம், அல்லது பிடிக்காதது ஒன்று விலகிப்போகலாம். மோட்டார் விலகிப்போவது இரண்டாவது வகை. இதில் நீங்களும் பின்னாலேயே ஓடிக் கத்தினால், முதலாளியும் சேர்ந்து துரத்துகிறார் என்றுகூட அது எடுத்துக்கொள்ளலாம்.

நாயைத் தெருவில் அவிழ்த்துவிடாதீர்கள், முதல் வேலை அது. அப்புறம் கயிற்றில் பிடித்துக்கொண்டு தூரத்தில் மோட்டார் போகும்போதே, அது குரைக்கத் தொடங்கும் முன்பு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாயில் ஒரு துண்டு கோழி வையுங்கள். மோட்டார் சத்தம் கேட்டால் உங்களைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தபிறகு தூரத்தைக் குறைக்கலாம்.

கடைக்குப் போனால் மிட்டாய் கேட்டுத் தரையில் புரண்டு அழுகிறான். எப்போதாவதுதான் வாங்கித் தருகிறேன், அப்படியும் ஏன் விடமாட்டேன் என்கிறான்?

எப்போதாவது வாங்கித் தருவதால்தான். ஒவ்வொரு தடவையும் பலன் தந்துவந்த ஒரு செயல் திடீரென்று பலன் தராமல் போனால் சீக்கிரம் நின்றுவிடும். எப்போதாவது மட்டும் பலன் தருகிற செயல் லேசில் சாகாது. பத்து தடவை "இல்லை" சொல்லி, பதினோராவது தடவை, வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று ஒரு வெள்ளி கொடுத்து வாங்கித் தந்தால், பிள்ளை கற்றுக்கொள்வது "விடாமல் அழு, கிடைக்கும்" என்பதை. மேலே சொன்ன குரங்குக்கும் இதே கணக்குதான்.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். நிற்பதற்கு முன்னால் அழுகை இன்னும் அதிகமாகும், சத்தம் கூடும், பொருளைத் தூக்கி எறிவான். பலர் இந்த இடத்தில்தான் பயந்துபோய் விட்டுக்கொடுக்கிறார்கள், விட்டுக்கொடுத்தால் அந்தப் பெரிய அழுகைக்குப் பலன் கொடுத்ததாக ஆகிவிடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே "இன்றைக்கு மிட்டாய் இல்லை, தக்காளி எடுத்து வண்டியில் போடுவது உன் வேலை" என்று சொல்லி, அழாமல் வேலை செய்தால் அங்கேயே பாராட்டுங்கள். பாட்டியும் தாத்தாவும் இதற்கு ஒத்துழைக்கவேண்டும், அதுதான் எங்கள் ஊரில் ஆகக் கஷ்டமான பகுதி!

நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர் ஏன் நிறுத்த முடியாமல் இருக்கிறார்? என் அப்பா சம்பளம் வந்ததும் நேராக அங்கேதான் போகிறார்.

எத்தனை முயற்சிக்கு ஒரு பரிசு என்பது தெரியாமல் இருந்தால் உயிர்கள் ஆக வேகமாகவும் விடாமலும் முயற்சி செய்கின்றன. சார்லஸ் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் இதை விரிவாகக் காட்டினார்கள். புறா நிற்காமல் கொத்திக்கொண்டே இருக்கும். கைப்பேசி விளையாட்டுகளிலும் சூதாட்ட இயந்திரங்களிலும் இருப்பது இதே ஏற்பாடு. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், நீங்கள் எடுத்த ஒரு எண் முதல் பரிசுக்கு வர பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு. போன வாரம் வரவில்லை என்பதால் இந்த வாரம் அந்த வாய்ப்பு கூடுவதில்லை.

கனவில் வந்த எண், விபத்தான காரின் எண், கோயிலில் பார்த்த எண் என்று தேடுவதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1948இல் ஸ்கின்னர் பசித்த எட்டுப் புறாக்களைத் தனித்தனியாக அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 வினாடிக்கு ஒருமுறை உணவு வரும்படி வைத்தார். ஆறு புறாக்கள் விசித்திரமான பழக்கங்களைப் பிடித்துக்கொண்டன. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை இடித்தது. உணவு வந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த செயலே உணவைக் கொண்டுவந்தது என்று அவை எடுத்துக்கொண்டன என்றார் அவர். அந்த அசைவுகளில் பல, உணவுக்குக் காத்திருக்கும் புறாவுக்கு இயல்பாகவே வருபவை என்று 1971இல் வேறு இருவர் மறுத்தார்கள், அதையும் சொல்லிவிடவேண்டும். ஆனாலும் தற்செயலான வெற்றிக்கு ஒரு காரணத்தைக் கட்டிவிடுவது மனிதர்களிடம் இருக்கவே செய்கிறது.

உங்கள் அப்பாவைக் கேவலமாகப் பேசாதீர்கள். அவர் மனதைப் பிடித்து வைத்திருப்பது அவருடைய முட்டாள்தனம் இல்லை, ஆராய்ச்சிக்கூடத்திலேயே ஆக வலுவானது என்று நிரூபிக்கப்பட்ட ஒரு ஏற்பாடு. சம்பளம் வந்த அன்றைக்கே வீட்டுச் செலவுக்கு உரியது வேறு கைக்குப் போய்விடும்படி அவரோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள், அந்தத் தெரு வழியாகப் போகாதபடி வேறு வேலை ஒன்றை அந்த நேரத்தில் வையுங்கள்.

ரோத்தான் பிரம்பு இல்லாமல் பிள்ளை வளர்க்க முடியுமா? எங்களையெல்லாம் அடித்துத்தான் வளர்த்தார்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பேசுவேன்.

அடித்தால் அந்த நிமிடம் நிற்கும். உண்மைதான். யாருக்கு என்ன கற்றல் நடந்தது என்று பாருங்கள். பிள்ளை சத்தம் போட்டான், அடித்தீர்கள், வீடு அமைதியானது. அடித்த கைக்கு உடனே பலன் கிடைத்தது. ஆக, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கை ஓங்கும்படி கற்றுக்கொண்டது நீங்கள். வில்லியம் எஸ்டஸ் 1944இல் எலிகளை வைத்துக் காட்டியது என்னவென்றால், தண்டனை கொடுத்தபோது எலி விசையை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டது, தண்டனை நின்றதும் அந்தப் பழக்கம் திரும்பி வந்தது. அடக்கி வைக்கப்பட்டதே தவிர மறக்கப்படவில்லை.

பிள்ளை பக்கம் என்ன நடக்கிறது? அப்பா வீட்டில் இருக்கும்போது செய்யக் கூடாது, அப்பா இல்லாதபோது செய்யலாம் என்று பிரித்துத் தெரிந்துகொள்கிறான். உண்மையைச் சொன்னால் அடி, பொய் சொன்னால் சில சமயம் தப்பிக்கலாம் என்பதும் புரிகிறது, அப்படிச் சில சமயம் கிடைக்கும் பலன் எவ்வளவு வலுவானது என்று மேலேயே பார்த்தோம். அப்புறம் பாவ்லோவின் வழி வேறு இருக்கிறது. கணக்குப் புத்தகம் திறந்திருக்கும்போது அடி விழுந்தால் பயம் போய் ஒட்டிக்கொள்வது புத்தகத்தின்மேல், அடிப்பவரின் முகத்தின்மேல், அந்த மேசையின்மேல். செய்த தப்பின்மேல் ஒட்டும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அடி என்பது "இதைச் செய்யாதே" என்று மட்டும்தான் சொல்கிறது, அதற்குப் பதில் எதைச் செய்வது என்று சொல்வதே இல்லை.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பு சின்னதாக, உடனடியாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியாக இருக்கட்டும். தம்பியின் பொம்மையை உடைத்தால் அன்றைக்குக் கைப்பேசி இல்லை, கோபம் ஏறும்போது ஒரு மாதத்துக்கு இல்லை என்று கத்திவிட்டு மறுநாளே கொடுப்பது வேண்டாம். ஒழுங்காக விளையாடிக்கொண்டிருக்கும்போது போய் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் சண்டை போடும்போது மட்டும்தான் பிள்ளைக்குக் கவனிப்பு கிடைக்கிறது. திட்டும் ஒரு கவனிப்புதான், அது கிடைக்காமல் ஏங்கும் பிள்ளைக்கு அதுவே பரிசாகிவிடும்.

அடிபட்டு வளர்ந்தவர்கள் நன்றாக இருக்கிறார்களே என்றால், சந்தோஷம். அந்தப் பெற்றோர் விடியற்காலை தோட்டத்து ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய், வந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய அக்கறையையும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அவர்களை ஆளாக்கியது ரோத்தான்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

சின்ன வயதில் நாய் துரத்தியதிலிருந்து மகளுக்குப் பூனையைப் பார்த்தாலும் பயம். போகுமா?

போகும். 1920இல் ஜான் வாட்சனும் ரோசாலி ரேய்னரும் ஆல்பர்ட் என்று அவர்கள் பெயரிட்ட பதினொரு மாதக் குழந்தையிடம் வெள்ளை எலியைக் காட்டி, அவன் தொடப்போகும்போது பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவையிலேயே எலியைக் கண்டு அழ ஆரம்பித்தான், முயல், நாய், ரோமக் கோட்டுக்கும் அந்தப் பயம் பரவியது. அந்தக் குழந்தையின் பயத்தை நீக்காமலேயே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு எந்த நாட்டிலும் இப்படிச் செய்ய அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

ஆனால் 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி பீட்டர் என்ற மூன்று வயதுப் பையனின் முயல் பயத்தைப் போக்கிக் காட்டினார். அவன் பிடித்த தின்பண்டம் சாப்பிடும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்து, பயம் வராத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். பயப்படாத மற்ற பிள்ளைகள் முயலோடு விளையாடுவதையும் பார்க்கவைத்தார். கடைசியில் பீட்டர் அதைத் தடவிக்கொடுத்தான். மகளிடமும் இப்படியே செய்யலாம். தள்ளிக்கொண்டுபோய் நாயைத் தொடவைப்பது மட்டும் வேண்டாம். ஒவ்வொரு தடவை ஓடி ஒளியும்போதும் "ஓடியதால்தான் தப்பித்தேன்" என்ற பாடம் வலுப்படும், அதனால் ஓடத் தேவையில்லாத தூரத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

தோட்டத்தில் எலிக்கு வைக்கும் மருந்து ஏன் உடனே கொல்வதில்லை?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. செம்பனைக் குலையைத் தின்னும் எலி புது உணவைக் கண்டால் உடனே விழுங்காது, கொஞ்சம் கடித்துப் பார்க்கும். உடம்புக்கு ஆகவில்லை என்றால் அந்தச் சுவையை அப்புறம் தொடாது. உடனே வேலைசெய்யும் பழைய விஷங்களில் தப்பிய எலிகள் இப்படித்தான் உஷாராகிவிடும். வார்ஃபரின் வகை மருந்து இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள் கழித்துத்தான் கொல்லும். அதற்குள் எலி பல தடவை தின்றிருக்கும், எது தன்னைக் கெடுத்தது என்று சேர்த்துப் பார்க்க அதற்கு வழியில்லை.

ஜான் கார்சியாவும் ராபர்ட் கோலிங்கும் 1966இல் செய்த ஆய்வில் எலிகள் நக்கிய தண்ணீரில் ஒரு சுவை இருந்தது, நக்கும்போதெல்லாம் ஒளியும் டிக் சத்தமும் வந்தன. உடம்பு சுகமில்லாமல் ஆக்கப்பட்ட எலிகள் சுவையை வெறுத்தன, மின் அதிர்ச்சி வாங்கியவை ஒளியையும் சத்தத்தையும் தவிர்த்தன. எதை எதோடு சேர்ப்பது என்பதில் ஒவ்வொரு உயிருக்கும் பிறவியிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. மனிதர்களும் அப்படித்தான். புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒரு புதிய சுவை ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அந்தச் சுவையையே ஒதுக்கினார்கள் என்று இலீன் பெர்ன்ஸ்டீன் 1978இல் காட்டினார். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குப் பிடித்த சாப்பாட்டை மருந்து நாளன்று கொடுக்காதீர்கள், அது பாழாகிவிடும்.

பல தோட்டங்களில் மரத்துக்கு நடுவே கம்பத்தில் பெட்டி வைத்து கூகை ஆந்தை வளர்க்கிறார்களே, அதுவும் எலியைக் குறைக்கத்தான்.

வீட்டில் தமிழ், பக்கத்தில் மலாய், கடையில் சீனம். குழந்தை குழம்பிவிடாதா?

குழம்பாது. ஜென்னி சாஃப்ரன் குழுவினர் 1996இல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு இடைவெளியே இல்லாத அர்த்தமற்ற அசைகளை 2 நிமிடம் கேட்கவைத்தார்கள், எந்த அசைகள் சேர்ந்தே வருகின்றன என்று குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டன. கேட்பதில் இருக்கும் ஒழுங்கைத் தாமே பிரித்துப் பார்க்கிற காது அது. தாராளமாகத் தமிழில் பேசுங்கள்.

ஒரு ஏ-வுக்கு 50 வெள்ளி தருகிறேன் என்று சொல்லலாமா?

பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் ஆர்வமே இல்லையென்றால், தொடங்குவதற்கு ஒரு தள்ளு தேவை, கொடுக்கலாம். ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குக் காசு பேசாதீர்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் படம் வரைய விரும்பும் சின்னப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தாங்களாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை.

பரிசு இல்லாமலும் கற்றல் நடக்கும். எட்வர்ட் டோல்மனும் ஹான்சிக்கும் 1930இல் சில எலிகளை உணவே வைக்காமல் புதிர்ப்பாதையில் திரியவிட்டு, பதினொராவது நாள் உணவு வைத்தார்கள். மறுநாளே அவை தினமும் உணவு பெற்ற எலிகளுக்கு இணையாக வழி கண்டன. அப்பா மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போன பிள்ளை, ஒருநாள் தானே ஓட்டும்போது தோட்டத்துச் சந்து எல்லாம் தெரிந்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு வருகிறது. வரலாற்றுப் பாடத்தை எத்தனை முறை படித்தும் நிற்கவில்லை.

படித்ததையே படித்தால் பழக்கமானது போல் தோன்றும், அதைத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் செய்த ஆய்வில் ஒரு கூட்டம் ஒரு பகுதியைத் திரும்பப் படித்தது, இன்னொன்று ஒருமுறை படித்து, பின் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

அதோடு இடைவெளி விடுங்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்து, மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாக நடக்கிறது என்றும், ஒரே நாளில் திணிப்பதைவிடப் பல நாளுக்குப் பிரித்துப் படிப்பது மேல் என்றும் எழுதிவிட்டார். ஆக, தம்பி தங்கைகளே, வண்ணப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெள்ளைத் தாள் எடுங்கள். இன்றைக்கு ஒரு பாடம் மூடி எழுதிப் பாருங்கள், நாளை மறுநாள் திரும்ப, அடுத்த வாரம் திரும்ப. கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டம் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம், படிப்பு வரவில்லை என்பதற்கு இல்லை.

"எனக்குக் கணக்கு வராது" என்று உட்கார்ந்துவிடுகிறாள். முயற்சியே செய்வதில்லை.

முயற்சிக்கும் பலனுக்கும் சம்பந்தம் இல்லை என்ற அனுபவம் பல தடவை வந்தால் உயிர்கள் அசையாமல் இருந்துவிடும். மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மையரும் 1967இல் நாய்களுக்கு நிறுத்தவே முடியாத மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். மறுநாள் தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோதும் அவற்றில் பெரும்பாலானவை படுத்தே கிடந்தன. அதே அளவு அதிர்ச்சி வாங்கியும், தலையால் ஒரு பலகையைத் தள்ளி அதை நிறுத்த முடிந்த நாய்கள் தப்பிக் குதித்தன. படிக்கவே வயிறு கலங்குகிற ஆய்வு, ஆனால் அதன் பாடத்தை வீணாக்கக் கூடாது. 2016இல் அவர்களே மூளை ஆராய்ச்சியை வைத்துத் திருத்தியும் எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் சும்மா கிடப்பதுதான் உடலின் இயல்பு, "என்னால் மாற்ற முடியும்" என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்று.

அது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்த திருத்தம். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்று பிள்ளை காதுபடப் பேசுபவர்களை நான் மன்னிப்பதில்லை. ஐந்தாம் படிவத்தில் இருந்தாலும் பின்னம் வரவில்லை என்றால் பின்னத்துக்கே இறங்குங்கள், அவள் தானாகப் போட்டு முடிக்கக்கூடிய கணக்கு எதுவோ அதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியிலும் சரியா தப்பா என்று அப்போதே தெரியும்படி செய்யுங்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டு கற்றவர்களைக் கேளுங்கள், கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் உடனே கண்ணுக்குத் தெரியும், அதனால்தான் கை திருந்துகிறது. மூன்று வாரம் கழித்துச் சிவப்பு மையோடு திரும்பி வரும் தாள் அந்த வேலையைச் செய்யாது.

கைப்பேசியில் சண்டைப் படம் பார்த்தால் பிள்ளை கெட்டுப்போவானா?

பார்த்தே கற்பது உண்டு. 1961இல் ஆல்பர்ட் பந்தூரா குழுவினர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே அடியை, அதே வார்த்தையோடு திரும்பச் செய்வதைக் காட்டினார்கள். பொம்மையை அடித்தவன் வெளியே போய் ஆளை அடிப்பானா என்பது வேறு கேள்வி, அதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை. திரையைவிட அருகில் இருப்பவரைத்தான் பிள்ளை அதிக நேரம் பார்க்கிறது, நீங்கள் கோபத்தை எப்படிக் காட்டுகிறீர்கள் என்பதும் சேர்த்தி.

ஆடு சாயங்காலம் பட்டிக்கு வரமாட்டேன் என்கிறது. செம்பனைக்குள் போய்த் தேடவேண்டியிருக்கிறது. இதுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க டீச்சர்.

இருக்கிறது ஐயா. ஒரு பழைய டின்னில் கொஞ்சம் தீவனத்தைப் போட்டு, பட்டிக்குள் ஆடு இருக்கும்போதே குலுக்கிவிட்டு உடனே கொடுங்கள். சத்தம் முதலில், தீவனம் பிறகு, மாற்றிச் செய்தால் சத்தத்துக்கு மதிப்பு இருக்காது. சில நாளில் சத்தத்துக்குத் தலை தூக்கும். அப்புறம் பட்டி வாசலில் நின்று குலுக்குங்கள், அடுத்து பத்தடி தள்ளி, அடுத்து தோட்ட ஓரம். வந்தால் ஒவ்வொரு தடவையும் கொடுங்கள். நன்றாகப் பழகிய பிறகு சில நாள் நிறையவும் சில நாள் ஒரு பிடியும் கொடுக்கலாம், ஆனால் சும்மா குலுக்கி ஏமாற்ற வேண்டாம். ஊசி போடவோ கால் குளம்பு வெட்டவோ கூப்பிடுவதற்கு அந்த டின்னைப் பயன்படுத்தாதீர்கள், அதற்குக் கயிற்றோடு நீங்களே போய்ப் பிடித்துக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் முன்னால் நடக்கும் பெட்டை ஆட்டை முதலில் பழக்கினால் மற்றவை அதன் பின்னாலேயே வரும், வேலை பாதியாகக் குறையும்.